பனிநாடு சென்ற கார்

கண்டி நகரிலிருந்து வடக்கே சென்று, மகாவலிமீதுள்ள கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, மாத்தளை நோக்கிப் போகும் ஏ9 பெருவீதியில் ஆறாம் மைல் கல்லையடுத்துத் தொடங்குகிறது அக்குறணை. வீதியின் இரு மருங்கும் இடைவெளியின்றிக் கடைகள்; கடைகளின் பின்புறம் பிங்கா ஓயா; அதற்கப்பால் நீரெல்லை, துனுவில என மேலேறிச் செல்லும் குன்றுப் பாதைகள். வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட இவ்வூரில் வாகனம் என்பது சுமை ஏற்றுவதற்கு உரியது. லொறியும் வேனும் முச்சக்கர வண்டியும் நெருக்கியடிக்கும் அவ்வீதியில், இருவர் மாத்திரம் அமரக்கூடியதும் தரையோடு ஒட்டி ஓடுவதுமான ஒரு கூரையற்ற கார் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலவியது என்றால், அதனை ஊரார் வேடிக்கையாகவே நோக்கினர் என்பதில் வியப்பில்லை.

அது 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டு உருவாக்கப்பட்ட கார்களுள் ஒன்று. 1798 கன சென்டிமீட்டர் இயந்திரம் முன்னே இருக்க, பின் சக்கரங்களே வண்டியை உந்தும். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆங்கிலேயத் துரையுடையதாயிருந்த அது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டு அவர் தாயகம் திரும்பியபோது, அக்குறணையில் இரும்புக் கடை நடத்திய ஒருவரின் கைக்கு வந்தது. துரைக்கு அது பொழுதுபோக்கு. கடைக்காரருக்கோ, அவர் தம் வாழ்நாளில் பயன் கருதாது வாங்கிய ஒரே பொருள்.

காரை வாங்கிய முதல் ஆண்டிலேயே அவர் அதனை ஊருக்கேற்றவாறு மாற்றலானார். கட்டுகஸ்தோட்டையிலிருந்த பாஸ் ஒருவரின் துணையோடு, இயந்திரத்தின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தேமஸ்டாட் எனும் சிறு வால்வு கழற்றப்பட்டது. வெப்பநாட்டு கராஜ்களில் இது வழமையான வைத்தியமே. வால்வு இல்லையெனில் நீர் தடையின்றிச் சுற்றும். ஏற்றத்தில் இயந்திரம் கொதிக்காது. காருக்குள் வெப்பமூட்டும் ஹீட்டரின் குழாய்களும் துண்டிக்கப்பட்டன. சனவரி இரவிலும் கடுங்குளிர் காணாத ஊரில் ஹீட்டர் எதற்கு? ரேடியேட்டரில் வெறும் கிணற்று நீர் ஊற்றப்பட்டது. இவ்வாறு ஆங்கிலேயக் குளிருக்கென ஆக்கப்பட்ட வண்டி, சிறிது சிறிதாக அக்குறணை வண்டியாயிற்று.

அக்குறணைக்கெனச் சில தனித் துன்பங்களும் உண்டு. மழை பெருத்தால் பிங்கா ஓயா கரை மீறிக் கடைவீதியின் தாழ்ந்த பகுதிக்குள் புகுந்துவிடும். அந்நேரத்தில் கடைக்காரர் ஆணிப் பெட்டிகளையும் சங்கிலிச் சுருள்களையும் மேல் தட்டுக்கு ஏற்றுமுன் காரைக் குன்றின்மேல் ஏற்றிவிடுவாராம். "நானாக்குக் கடைய விடக் கார்தான் பெரிசு" என்று அயற்கடையினர் நகைப்பதுண்டு. வெள்ளத்தின்போது ஈரக் களிமண் பரந்த அப்பாதையில் பின் சக்கரம் சறுக்கும். அதனைக் கையாள்வதையே அவர் தம் இளைய மகனுக்கு முதற் பாடமாகக் கற்பித்தார். பிரேக்கைத் தொடாதே; அக்சலேட்டரை மெதுவாக விடு; வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. மகனுக்கு அப்போது வயது பதினேழு. அப்பாடம் எங்கே பயன்படப்போகிறது என்பதை இருவருமே அறிந்திருக்கவில்லை.

மகன் கணக்காளராகிக் கனடாவிற் குடியேறினார். டொரன்டோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் இரு குளிர்காலங்களை ஒரு பழைய கொரோலாவுடன் கழித்த பின்னர் தந்தை காலமான செய்தி வந்தது. கடை மூத்தவருக்கு, வீடு தாய்க்கு, கார் யாருக்கு என்பதிற்றான் சிக்கல் எழுந்தது. கொழும்பில் பழங்கார் சேகரிப்போர் நல்ல விலை தருவர் என்றார் மூத்தவர். அவர் கூறியது தவறன்று. கடையை நடத்துபவருக்குப் பணத்தின் அருமை தெரியும். ஆனால் தாய் ஒரே சொல்லில் வழக்கை முடித்தார்: "அது வாப்பாட சாமான். ஓட்டத் தெரிஞ்சவன் கொண்டு போகட்டும்."

கூரையற்ற பழைய விளையாட்டுக் காரை உறைபனி நாட்டுக்குக் கொண்டு செல்வது அறிவுடைய செயலா என்று கேட்பின், அன்று என்பதே நேர்மையான விடை. எனினும் சட்டம் அதற்கு வழிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குக் கனடாவின் இறக்குமதிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. வேறொரு விதியோ கடுமையானது. வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த வாகனத்தில் மண்ணோ மணலோ தாவர எச்சமோ சிறிதும் ஒட்டியிருத்தலாகாது. மண்ணோடு நோய்க்கிருமிகளும் பூச்சிகளும் வந்து சேரும் என்ற அச்சமே காரணம். ஆகவே, கொள்கலனில் ஏற்றுமுன் கட்டுகஸ்தோட்டைச் சேர்விஸ் நிலையமொன்றில் கார் மும்முறை கழுவப்பட்டது. சக்கர வளைவுகளுக்குள்ளிருந்தும் தகட்டு மடிப்புகளுக்குள்ளிருந்தும் செம்மண் கரைந்து ஓடிக்கொண்டேயிருந்தது. ஆசனத்துக்கடியிற் கிடந்த உலர்ந்த கிராம்பு மொட்டுகளையும் பொறுக்கியெடுக்க வேண்டியதாயிற்று. பணி முடிந்ததும் நற்சான்று தருவதுபோல் மூத்தவர் சொன்னாராம்: "இனி இதுல நம்மட ஊர் ஒண்டுமில்ல."

அவர் சொன்னது முற்றும் சரியன்று. ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் நடத்திய கராஜுக்குக் கார் போய்ச் சேர்ந்தபோது அவர் முதலிற் கேட்டது, "தம்பி, இதுக்கை தேமஸ்டாட் இல்லையே, ஆர் கழட்டினது?" என்பதே. "வாப்பாதான்" என்று விடை வந்தது. முதியவர் தலையசைத்தார். அவரும் ஒரு காலத்தில் இலங்கையில் எத்தனையோ வண்டிகளுக்கு அதையே செய்தவர். அந்நாட்டில் அவ்வைத்தியம் தலைகீழாகிவிடுகின்றது. வால்வு இல்லாத இயந்திரம் குளிரில் எவ்வளவு நேரம் ஓடினும் சூடேறாது. எண்ணெய் தடித்தே இருக்கும், எரிபொருள் வீணாகும். வெறும் நீரின் கேடு அதனினும் பெரிது. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். அவ்விரிவுக்கு இயந்திரத்தின் வார்ப்பிரும்பும் வெடிக்கும். நீரும் கிளைக்கோலும் சரிபாதியாகக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகை வரை உறையாது. ஆசனங்களின் பின்னே இருந்த 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டும் மாற்றப்பட்டன. கடுங்குளிரில் பேட்டரியின் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். ஹீட்டர் குழாய்கள் மீண்டும் இணைக்கப்பட்டன.

அவ்வேளை கராஜ்காரர் டேஷ்போர்டுப் பெட்டியைத் துழாவி, பழைய செய்தித்தாளிற் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே இருந்தது அந்தத் தேமஸ்டாட். எந்த உதிரிப்பாகத்தையும் வீசியெறியாதவர் இரும்புக் கடைக்காரர். வால்வைக் கொதிநீரில் இட்டுப் பார்த்தனர். அது திறந்தது, ஆனால் ஆறியபின் முழுதாக மூடவில்லை. புதியதொன்றைப் பூட்டிவிட்டுப் பழையதை அதே தாளிற் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார் முதியவர். மகன் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சியிருந்தது பெருங்கேள்வி: குளிர்காலத்தில் ஓட்டுவதா, பூட்டி வைப்பதா? ஓட்டவியலாது என்பது பொதுக் கருத்து. உண்மை அவ்வளவு எளிதன்று. 1964ஆம் ஆண்டு மொன்டி கார்லோ ராலியில், பனி மூடிய மலைப்பாதைகளில், இதே எம்.ஜி.பி. வகைக் காரொன்றை ஓட்டி மோர்லி சகோதரர் தமது பிரிவில் முதலிடம் பெற்றனர். பனியில் வண்டியின் விதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரே. சாதாரண டயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். மலை முகடும் பனிப் பூவும் பொறித்த குளிர்கால டயரின் இறப்பரோ குளிரிலும் நெகிழ்வாயிருக்கும். அகலங் குறைந்த டயர் பனியைக் கிழித்துத் தரையைத் தொடும் என்பதால் பழைய காரின் ஒடுங்கிய சக்கரங்கள் ஒருவகையில் நன்மையே. தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்குமுள்ள இடைவெளி ஏறத்தாழ 5 அங்குலமே என்பது தீமை. பின் சக்கரங்களின் மேல் சுமை குறைவு என்பது மற்றொரு தீமை. இவற்றையெல்லாம் எடைபோட்டு, நான்கு குளிர்கால டயர்களை வாங்கி, ஓட்டுவது என்றே அவர் முடிவு செய்தார். தந்தை வெள்ளத்துக்கு அஞ்சிக் காரை ஒளித்துவைத்ததில்லையே, மேலேற்றியல்லவா ஓட்டினார் என்பது அவரது வாதம். அது பொருத்தமான வாதம் என்று சொல்வதற்கில்லை.

டிசம்பர் மாதக் காலையொன்றில் முதற் பெரும்பனி பெய்தது. வெப்பநிலை பூச்சியத்தையொட்டி நின்றது. பனிக்கட்டி கடுங்குளிரிலன்றி உருகுநிலையை அண்மும்போதே மிக வழுக்கும் என்பதைப் புதிதாக வந்தவர் பலர் அறியார். குடியிருப்புத் தெருவின் வளைவொன்றில் காரின் பின்பக்கம் வலப்புறமாக விலகத் தொடங்கிற்று. அவருடைய கால் பிரேக்கை நாடவில்லை. அக்சலேட்டர் மெல்லத் தளர்ந்தது. கைகள் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பின. கார் ஒருமுறை ஆடி நேரானது. நீரெல்லைக் களிமண்ணில் இருபது ஆண்டுகளுக்கு முன் பயின்ற கைகள் அவை. அன்று மாலை அவர் தாய்க்குத் தொலைபேசியிற் பேசியபோது இதைக் கூறவில்லை. தாய் அஞ்சுவார் என்பதற்காக மட்டுமன்று, சொல்லத் தொடங்கினால் குரல் தாங்காது என்பதற்காகவும்.

ஆனால் அவரை மனம் மாற்றியது அந்தச் சறுக்கல் அன்று. மறுநாள் உலர்ந்திருந்த காரின் கதவுகளுக்குக் கீழே நெடுகிலும் ஒரு வெண்கோடு படிந்திருந்தது. உப்பு! ஹியூரோன் ஏரியின் அடியில் கோட்ரிச் எனுமிடத்தில் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. அத்தகைய சுரங்க உப்பே வீதியெங்கும் கொட்டப்படுகின்றது. புத்தளத்து உப்பளங்களில் விளையும் அதே சோடியம் குளோரைடுதான். அது நீரின் உறைநிலையைத் தாழ்த்திப் பனியை உருக்குகிறது. இரும்பையும் விரைந்து அரிக்கின்றது. எம்.ஜி.பி. காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் தகட்டுப் பகுதியே முழுக் காரையும் தாங்குவது. அதற்குள் உப்புநீர் புகுந்து தங்கிவிட்டால், வெளியே மெருகு குலையாமலே முதுகெலும்பு இற்றுப்போகும். சறுக்கலுக்குத் தந்தையிடம் பாடம் இருந்தது. உப்புக்கு இல்லை.

அன்றே வெந்நீரால் அடிப்பாகத்தைக் கழுவுவித்து, கராஜின் பின்கொட்டகையில் மாத வாடகைக்கு இடம் பிடித்தார். எரிபொருட் தாங்கியை நிரப்பி, பேட்டரித் தொடுப்பைக் கழற்றி, டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டி, துணியால் மூடினார். கட்டுகஸ்தோட்டையில் மும்முறை செம்மண்ணைக் கழுவிய அக்கார், ஸ்காபரோவில் இப்போது ஆண்டுதோறும் கழுவி உறங்க வைக்கப்படுகின்றது. குளிர்காலம் முழுதும் வேலைக்குச் சென்று வருவது கொரோலாவில்தான். நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய குளிர்கால டயர்கள் ஒரே ஒரு நாள் ஓடியவையாய்க் கொட்டகை மூலையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை விற்றுவிடுமாறு கராஜ்காரர் சொல்லிப் பார்த்துவிட்டார். அவரோ இன்னும் விற்கவில்லை.

பனி உருகியவுடனும் அவர் காரை எடுப்பதில்லை. வீதியில் உப்புத்தூள் எஞ்சியிருக்கும். அதனைக் கழுவிச் செல்லுமாறு பெருமழை இரண்டு மூன்றேனும் பெய்யவேண்டும். அக்குறணையில் மழை பெருத்தால் அஞ்சிக் காரை மேலேற்றுவர். இங்கே அவர் ஏப்ரல் மாதத்தில் சாளரத்தருகே நின்று மழையை எண்ணுகிறார். மூன்றாம் மழை ஓய்ந்த முதல் ஞாயிறன்று கொட்டகைக்குப் போய், துணியை நீக்கி, பேட்டரியைத் தொடுத்து, சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்புவார். இயந்திரம் சூடேறும் வரை தெர்மாமீட்டர் முள்ளையே நோக்கியிருப்பார். முள் மெதுவாக ஏறி நடுவில் வந்து நின்றதும் கியரைப் போடுவார்.