பெறுதலும் காத்தலும்

திருப்பதியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தூருக்கு முன்னால் வரும் சிற்றூர் வடமாலபேட்டை. அதுவே நம் ஊர். 1953ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டம் அவ்வாண்டு ஆந்திரத்துக்குச் சென்றது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. நம் ஊர் திரும்பவில்லை. 2022இல் மாவட்டங்கள் மறுபடி பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டம் என்னும் புதுப் பெயர் வந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு இடம் மாறினும், நம் வீட்டு அடுப்படியில் பேசும் மொழி மாறவில்லை. இவ்வரலாறு பழங்கதையன்று, கல்லூரி வாசலில் பிள்ளைகள் விண்ணப்பத்தோடு நிற்கும்போது இன்றும் அது குறுக்கே வந்து நிற்கிறது.

நாம் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். நம்மைப் போன்றோர்க்குக் கிட்டும் பிள்ளைகள் கல்விப்படி பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடும். மாநில அரசின் கட்டண உதவியோ அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இல்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு நம் சம்பளமே துணை. ஆனால் ஊரில் வாழும் நம் தங்கையின் நிலை வேறு. அவள் கணவர் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்பவர். அவர்கள் மகள் 2021இல் திருப்பதிக் கல்லூரியொன்றில் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதற்பெண் அவள்.

ராஜசேகர ரெட்டி முதல்வராயிருந்த காலத்தில் ஆந்திரத்தில் கல்விக் கட்டண ஈட்டுத் திட்டம் விரிவு பெற்றது. அது 2020இல் ஜகனன்னா வித்யா தீவெனா என்னும் பெயரில் நடைமுறைக்கு வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படலாகாது என்பது அப்போதைய விதி. மாணவரின் வருகை 75 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பதும் அவ்வாறே. விடுதிக்கும் உணவுக்கும் வசதி தீவெனா என்ற பெயரில் பட்டப்படிப்பு மாணவர்க்கு அப்போது ஆண்டுக்கு 20,000 ரூபாய் வழங்கப்பட்டது. கேட்பதற்கு எளிதாகவே இருந்தது. இடர் எங்கே வந்தது எனில், பெயரில் வந்தது.

நாம் தந்தையின் முதலெழுத்தை முன்னே இட்டுப் பெயரெழுதும் மரபினர். தெலுங்கு மக்களோ ‘இன்டிபேரு’ என்னும் குடும்பப் பெயரை முன்னே வைப்பர். படிவத்தில் அதற்கெனக் கட்டம் இருந்தது. நம்மிடம் நிரப்பப் பெயரில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து. ஆதாரில் தந்தையின் முழுப்பெயர். வங்கிப் புத்தகத்தில் வெறும் பெயர். ஒரே பெண், மூன்று தாள்களில் மூவரானாள். கிராமச் சச்சிவாலயத்துக்கும் மீ சேவா நிலையத்துக்கும் அவள் தந்தை கூலியை இழந்து நடந்த நாட்கள் பல. பத்தாம் வகுப்புச் சான்றிதழையே அடிப்படையாகக் கொண்டு மற்ற இரண்டையும் அதற்கேற்பத் திருத்துக என்று நாம் எழுதியனுப்பினோம். அவ்வாறே செய்தபின் விண்ணப்பம் ஏறிற்று.

பெறுதலினும் காத்தல் அரிது. இரண்டாம் ஆண்டில் நம் தங்கைக்கு அறுவை சிகிச்சை நேர்ந்தது. தாயைப் பேணப் பெண் வீட்டிலேயே தங்கினாள். வருகை சரிந்துகொண்டே வந்தது. ஒரு நாள் தொலைபேசியில், “மாமா, காலேஜுக்குப் போனால் அம்மா தனியாகக் கிடக்கிறாள், போகாவிட்டால் பணம் நின்றுவிடும். இதற்கு எந்த ஆபீசில் விண்ணப்பம் தருவது?” என்று கேட்டாள். கோப்புகளோடு கால் நூற்றாண்டு பழகிய நமக்கு விடையளிக்க நாவெழவில்லை. மறுநாள் நம் துணைவியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடமாலபேட்டைக்குப் புறப்பட்டார். ஆறு வாரம் அங்கிருந்து நாத்தனாரைப் பேணினார். பெண் நாள்தோறும் பேருந்தேறினாள். ஆண்டிறுதியில் வருகை எழுபத்தாறு. அந்த ஒரு விழுக்காட்டை எந்த அரசாணையும் தரவில்லை. ஓர் அண்ணியார் தந்தார்.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை இன்னும் சில உள. உதவித்தொகை மொழியைப் பார்ப்பதில்லை, முகவரியையே பார்க்கிறது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம், நகரிக்கு அப்பால் தமிழகப் பள்ளியில் படித்தவளுக்கு உண்டு. இப்பால் ஆந்திரப் பள்ளியில் படித்தவளுக்கு இல்லை. ஆந்திரக் கல்லூரிகளின் உள்ளூர் ஒதுக்கீட்டுக்கு, தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகள் அப்பகுதியில் தொடர்ந்து படித்திருத்தல் முதன்மையான வழி. பிள்ளையைப் பதினோராம் வகுப்புக்குச் சென்னை மாமன் வீட்டுக்கு அனுப்புமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். வேற்று மாநிலத்திலிருந்து குடியேறிய பட்டியல் வகுப்பினர் புது மாநிலத்தில் அச்சலுகை கோரவியலாது என 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 1944 முதல் நடைபெறும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையை அவர்கள் தாம் சார்ந்த மாநில அரசிடம் கோரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முன்னணி இருபது விழுக்காட்டினருள் வந்தோர்க்கு நடுவண் அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உண்டு. வருமான வரம்பு நான்கரை லட்சம். ஆண்டுதோறும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். இதற்கு எந்த மாநிலத்தவர் என்ற தடையில்லை.

இத்தொகைகளை நம்மவருள் சிலர் இரவலாக எண்ணி நாணுகின்றனர். ஊரார் அறிந்தால் இழிவென்று விண்ணப்பிக்காமலே கடன்படும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். வாங்கும் துணிக்கு வரி செலுத்தும் கூலியாளின் பணமும் அக்கருவூலத்தில் உள்ளது. அவன் மகள் அதிற் சிறிது பெற்றுக் கற்பது உரிமையேயன்றி இரத்தலன்று.

நம் சங்கங்கள் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் அரங்கெடுக்கின்றன, மகிழ்ச்சியே. ஆண்டுதோறும் ஜூன் திங்களில் ஒரு ஞாயிறன்று அதே அரங்கில் நான்கு மேசைகளை இட்டு, படிவம் நிரப்பத் தெரிந்த நால்வர் அமர்ந்தால் போதும். பெயர்ப் பிழை திருத்தவும், கடைசித் தேதி நினைவூட்டவும், வருகை குறையும் பிள்ளையின் வீட்டில் என்ன நேர்ந்தது என்று கேட்கவும் ஆள் இருக்கட்டும். நம் தங்கை மகள் இன்று பட்டம் பெற்றுவிட்டாள். வருகிற ஜூனில் அத்தகைய மேசையொன்று போடப்படுமானால், ஒரு நாற்காலியில் தான் அமர்வதாகச் சொல்லியிருக்கிறாள்.