எங்கள் கைக்கு ஏற்ற கருவி



மருதமுனையில் எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர் இருக்கிறார். 1990ஆம் ஆண்டு வன்செயலில் கணவனை இழந்தவர். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வீட்டையும் இழந்தவர். பிறகு கிடைத்த சுனாமி வீட்டில் மகளுடனும் பேத்தியுடனும் வாழ்கிறார். மருமகன் கட்டாரில் வேலை செய்கிறார்.

ஒரு நாள் நான் போனபோது அவர் வீட்டின் பின்கதவுக்கு முன்னால் அம்மிக்கல் கிடந்தது. "தாழ்ப்பாள் கழண்டு மூணு கிழமை, மிஸ். ஓடாவி நாளைக்கு நாளைக்கு எண்டு சொல்றார். ராவைக்கு அம்மிய உருட்டி வைச்சிட்டுத்தான் படுக்கிற" என்றார். ஓடாவியைக் குறை சொல்ல முடியாது. ஒரு தாழ்ப்பாளுக்காக வந்து போனால் அவருக்குக் கூலி கட்டாது. ஆனால் ஆண் துணையில்லாத வீட்டில் பின்கதவு பூட்டாமல் கிடப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"நாலு திருகாணி இறுக்க ஒரு ஆம்புள வரோணுமா மிஸ்?" என்று மகள் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் மகளிர் குழுவிடம் பற்றரியில் இயங்கும் துளையிடும் மெசின் ஒன்று ஏற்கனவே இருந்தது. சுனாமிக்குப் பிறகு ஒரு திட்டத்தின் மூலம் கிடைத்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தோம். மெசினுக்கு ஒரு பழுதும் இல்லை. பற்றரிதான் செத்துப் போயிருந்தது. கல்முனைக் கடைகளில் விசாரித்தோம். அதற்குப் பொருந்தும் பற்றரி எங்கும் கிடைக்கவில்லை. தந்தவர்கள் மெசினைத் தந்தார்கள். பற்றரி தீர்ந்தால் என்ன செய்வதென்று அவர்களும் யோசிக்கவில்லை, வாங்கிய நாமும் கேட்கவில்லை.

குழுவின் சேமிப்பிலிருந்து புதிதாக ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தோம். பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் தனியாகக் கடைக்குப் போனேன். இருந்தவற்றில் பெரியதாக, சுவரையும் துளைக்கும் 18 வோல்ட் மெசின் ஒன்றைப் பார்த்தேன். பெரியது வாங்கினால் எல்லா வேலைக்கும் உதவும் என்று நினைத்தேன். பிடிக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி எடுத்து வந்தேன்.

தறி நெய்யும் ஒரு மாமி அதைக் கையில் வாங்கினார். ஜன்னல் நிலையின் மேல்பக்கம் உயர்த்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு நடுங்கியது. "இது ஆம்புளைகளுக்குச் செஞ்சது மகள். நமக்குத் தூக்க ஏலா" என்று மேசையில் வைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மக்கள் பங்கேற்பு என்று பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். பாவிக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்குப் போயிருக்கிறேன். அலுமாரியில் கிடந்த மெசினைத் தந்தவர்கள் செய்த அதே பிழையை நானும் செய்தேன்.

அடுத்த கூட்டத்தில் முதலில் வேலைகளை எழுதினோம். கதவுப் பிணைச்சல், தாழ்ப்பாள், கைத்தறியில் தளர்ந்த ஆணிகள், கோழிக்கூடு, தட்டு அடித்தல். எல்லாமே மரவேலைகள். கொங்கிறீட் சுவரைத் துளைப்பது வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான். அதற்கு வயர் மெசினை வாடகைக்கு எடுக்கலாம். ஆக எங்களுக்குத் தேவை சிறிய 12 வோல்ட் ட்ரில். பற்றரியோடு ஏறக்குறைய ஒரு கிலோதான் வரும்.

வோல்ட் என்பதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. லித்தியம் பற்றரிப் பெட்டிக்குள் சிறு சிறு கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். மூன்று கலம் சேர்ந்தால் 10.8. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் கிட்டத்தட்ட 12 காட்டுவதால் 12 என்று விற்கிறார்கள். ஐந்து கலம் சேர்ந்தால் 18. அதையே சில கம்பனிகள் 20 என்று எழுதுகின்றன. 20ஐக் கண்டு 18ஐ விடக் கூடியது என்று ஏமாற வேண்டாம். அடுத்தது அம்பியர்-மணி. அது தண்ணீர்த் தாங்கியின் கொள்ளளவு போன்றது. 2 என்றிருப்பதை விட 4 என்றிருப்பது கூடிய நேரம் ஓடும், ஆனால் பாரமும் கூடும். எங்களுக்கு 2 போதும். ஒரு பற்றரி வேலை செய்யும்போது மற்றது சார்ஜில் இருக்க இரண்டு வாங்கினோம். ட்ரில்லின் கழுத்தில் இலக்கமிட்ட வளையம் ஒன்றும் இருக்கும். அதைக் குறைந்த இலக்கத்தில் வைத்துத் தொடங்கினால் திருகாணி அளவுக்கு மேல் இறுகிப் பலகை வெடிக்காது.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமான விடயம் வேறு. நாம் மெசினை வாங்கவில்லை சகோதரிகளே, பற்றரியின் குடும்பத்தை வாங்குகிறோம். ஒரு கம்பனியின் பற்றரி மற்றக் கம்பனியின் மெசினுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே கம்பனிக்குள்ளும் பொருந்தாமல் போகலாம். பொஷ் கம்பனியின் பச்சை நிற வீட்டுப் பாவனை மெசின்களின் 18 வோல்ட் பற்றரி, அதே கம்பனியின் நீல நிற மெசினில் ஏறாது. மக்கிட்டாவிலும் 18 வோல்ட்டில் எல்எக்ஸ்டி, ஜி என்று வெவ்வேறு வரிசைகள் உண்டு. ஒன்றின் பற்றரி மற்றதற்குச் சரிவராது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் பற்றரி தனியாகக் கிடைக்குமா? இதே பற்றரியில் வாளும் டோர்ச் லைட்டும் ஓடுமா?" என்பதுதான். கிடைக்காது என்றால், எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். பெயரில்லாத மலிவுப் பற்றரிகளையும் நம்ப வேண்டாம். வீங்கிய பற்றரியை ஒருபோதும் சார்ஜ் செய்ய வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடும்.

பக்கத்து ஊரான பாண்டிருப்பில் எங்களைப் போல ஒரு குழு இருக்கிறது. அங்குள்ள அக்காமாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நாங்களும் அதையே வாங்குறம். அவசரத்துக்கு மாத்திக்கொள்ளலாம்" என்றார்கள். இரண்டு குழுவும் ஒரே வரிசையை வாங்கின. இப்போது மருதமுனையில் சார்ஜ் குறைந்தால் பாண்டிருப்பிலிருந்து பற்றரி வருகிறது. அங்கே வேலை கூடினால் இங்கிருந்து போகிறது. பொழுது சாய்ந்தால் ஊர் எல்லையைத் தாண்டப் பயந்து இரண்டு பக்கமும் கதவடைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த எல்லையை ஒரு பற்றரி கடக்கிறது. இது பெரிய சமாதானம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பற்றரியைக் கொண்டு வருபவர் தேத்தண்ணீர் குடிக்காமல் போவதில்லை.

மின்சாரத்தையும் நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாளில் வயர் மெசின் சும்மா கிடக்கும். கரண்ட் வந்தபோது சார்ஜ் ஏற்றிய பற்றரி வேலை செய்யும்.

வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள். சார்ஜர் எங்கள் 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதா என்று அதன் அடியில் எழுதியிருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். தனிப் பற்றரியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டு வரலாம், பெரிய பெட்டிக்குள் போட முடியாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டதாயின் பொதுவாக அனுமதிக்கிறார்கள். வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் அந்தக் கணக்கு வரும். 18ஐ 5ஆல் பெருக்கினால் 90.

எங்களது கடற்கரைக் காற்று. உப்பு பட்டால் பற்றரியின் செப்புக் காதுகள் பாசி பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து மூடி வையுங்கள். தகரக் கூரையின் கீழ் வெயிலில் வைக்காதீர்கள். நெடுநாள் பாவிக்காவிட்டால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

ராத்தாவின் பின்கதவுக்கு வருகிறேன். தாழ்ப்பாளை மகளே பூட்டினார். முதல் திருகாணி கோணலாகப் போனது, கழற்றி மறுபடி பூட்டினார். ராத்தா மூன்று முறை தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அம்மிக்கல்லை மூவரும் சேர்ந்து குசினிக்கு உருட்டிக்கொண்டு போனோம்.