37 குதிரையும் ஒரு பழைய சாவியும்

ஏற்காட்டுக்கு மாருதி 800-ல் அஞ்சு பேரா போயிருக்கீங்களா? போகாதீங்க. அப்படியே போனாலும், ஏ.சி.யை அடிவாரத்திலேயே அணைச்சிடுங்க.

நாங்க அணைக்கலை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. 14-வதில் வண்டி 'ம்ம்ம்...' என்று முனகி, அப்படியே நின்றுவிட்டது. பின்னாடி ஒரு டெம்போ டிராவலர் ஹாரனைக் கையில் பிடிச்சுக்கிட்டே நிற்குது. கடைசியில் அம்மாவும் தங்கச்சியும் இறங்கினாங்க. புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அம்மா மேட்டில் நடக்க, பாட்டியோடு நாங்க ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்தோம். அந்த நேரம் பார்த்து என் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் புல்லட்டில் கடந்து போனாங்க. கை வேற காட்டினாங்க!

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு (தெர்மோடைனமிக்ஸில் ஒரு அரியர், ஒண்ணே ஒண்ணுதான்). அன்னிக்கு ராத்திரி பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தேன். எங்க வண்டி 2008 மாடல். 796 சி.சி., மூணு சிலிண்டர், நாலு கியர், 37 குதிரைத் திறன். வண்டியோட எடை சுமார் 650 கிலோ. அஞ்சு பேர் ஏறினா அதில் கிட்டத்தட்ட பாதியை நாங்களே கூட்டிடறோம். பாவம், அது என்ன பண்ணும்?

தீர்வு ரொம்ப சிம்பிளாகத் தெரிந்தது. ஜென் இன்ஜின்! 993 சி.சி., நாலு சிலிண்டர், பிந்தைய மாடல்களில் சுமார் 60 குதிரை. அதுவும் சுசுகி வம்சம்தான். மவுன்ட், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், ரேடியேட்டர், ஒயரிங் எல்லாத்தையும் கூடவே மாத்தணும், ஆனா முடியாத காரியம் இல்லை. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு 28,000 ரூபாய் கையில் இருந்தது. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன், "25 ஆயிரம் குடு தம்பி, ரெண்டே நாள்ல பறக்கவிடறேன்" என்றார். 2,000 ரூபாய் அட்வான்ஸையும் நீட்டிட்டேன்.

எல்லாம் சட்டப்படி நடக்கணும்னு ஒரு ஆசை. நேரா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். வரிசையில் நின்று, கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி போய்ச் சேர்ந்தேன். என் பேப்பரில் இருந்த கணக்கையெல்லாம் காட்டினேன். மனுஷர் பொறுமையா பார்த்தார்.

"கணக்கு சரி தம்பி. ஆனா முடியாது."

ஙே!

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் இருக்கிற விவரம், கம்பெனி முதலில் சொன்ன விவரத்தோடு மாறுபடுற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் இதையே அழுத்திச் சொல்லிடுச்சு. இன்ஜின் போயிடுச்சுன்னா அனுமதி வாங்கி வேற போடலாம், ஆனா அதே மேக், அதே டைப். அதே வருஷம் வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சொல்லுது. அனுமதி இல்லாம மாத்தினா ஆறு மாதம் வரை ஜெயில், இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். நான் போட்டிருந்த லிஸ்ட்டில் எத்தனை மாற்றம்னு எண்ணிப் பார்த்தேன். எண்ணாமலே இருந்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. அதே சட்டம் எரிபொருளை மாற்ற வழிவிடுது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., ஏன், பெட்ரோல் இன்ஜினையே கழற்றிட்டு எலெக்ட்ரிக்கூட! உங்க மாடலுக்கு அங்கீகாரம் வாங்கின கிட்டா இருக்கணும், ஆர்.சி.யில் பதியணும், அவ்வளவுதான். பேட்டரி போட்டா ஓகே, ஜென் இன்ஜின் போட்டா குற்றம்!

எனக்கு இதில் கடுப்புதான், மறைக்கலை. கலிஃபோர்னியாவில் வண்டியோட அதே வருஷ இன்ஜினோ, அதைவிடப் புதுசோ போடலாம். புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாத்தோடும் அரசு நியமித்த ரெஃப்ரீகிட்ட போய்க் காட்டி பாஸ் பண்ணணும். பிரிட்டனில் புது இன்ஜின் விவரத்தைச் சொல்லிப் பதிவுப் புத்தகத்தைத் திருத்திக்கலாம். நம்ம ஊரிலும் ஒரு இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்து போடுற மாதிரி ஒரு வழி வைத்தால் என்ன? சென்னை பக்கத்தில் ஒரகடத்திலேயே வண்டிகளைச் சோதிக்கிற மையம் இருக்கு. ஆனா அது தயாரிப்பாளர்களுக்கு. எங்க வீட்டு 800-க்கு இல்லை.

சட்டம் பயப்படுறதிலும் ஒரு நியாயம் இருக்கு என்பதை என் பேப்பரே காட்டிக் கொடுத்தது. வேகம் 60-லிருந்து 80 ஆனா பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.78 மடங்கு. என் லிஸ்ட்டில் பிரேக் என்ற வார்த்தையே இல்லை. 12 அங்குல சக்கரத்துக்குள்ளே இருக்கிற அதே பழைய பிரேக்தான் அந்த 60 குதிரையையும் நிறுத்தியிருக்கணும்.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார். "சரி தம்பி, நீ 800 இன்ஜினே போடறேன்னு வெச்சுக்குவோம். பில் எங்கே? அது யார் வண்டியில இருந்து வந்துச்சு?"

பதில் தெரியலை. மெக்கானிக் அண்ணன்கிட்ட போய்க் கேட்டேன். சிரிச்சார். "அடுத்த எஃப்.சி. 2028-ல. அதுவரைக்கும் இன்ஜின் நம்பரை யாரு தம்பி குனிஞ்சு பார்க்கப்போறா?" தார்ப்பாயை விலக்கி, வந்து இறங்கியிருந்த ஜென் இன்ஜினைக் காட்டினார். உடம்பு முழுக்க கிரீஸும் மண்ணும். நம்பர் இருக்க வேண்டிய ஒரு இடம் மட்டும் பளபளன்னு தேய்ச்சிருந்தது.

உண்மையைச் சொல்லட்டுமா? அதைப் பார்த்த பிறகும் நான் 'வேண்டாம்'னு சொல்லலை. "நாளைக்கு வர்றேண்ணே"ன்னுதான் சொன்னேன்.

ராத்திரி ஜெராக்ஸ் கடையில் ஷட்டரை இறக்கிக்கிட்டு இருந்த அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன், அந்தத் தேய்ச்ச இடத்தையும் சேர்த்து. அவர் திட்டலை. சாவி மாட்டுற பலகையில், கடைசி ஆணியைக் காட்டினார். கறுத்துப்போன ஒரு பைக் சாவி. 2009-ல் கடை வாசலில் நிறுத்தின ஸ்ப்ளெண்டர், டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள காணாமப் போச்சு. லோன் முடியலை. அப்புறமும் 11 மாசம் இல்லாத வண்டிக்கு டியூ கட்டினார். அது எனக்கும் தெரியும். தெரியாதது, அவர் அடுத்துச் சொன்னது.

"இன்னமும் ரோட்டுல ஸ்ப்ளெண்டர் சத்தம் கேட்டா திரும்பிப் பார்க்கறேன் சாமி. நம்ம இன்ஜின் எவன் வண்டியில ஓடுதோ..."

மறுநாள் ஒர்க் ஷாப் போய் வேண்டாம்னு சொன்னேன். அட்வான்ஸ் 2,000 திரும்பி வரலை.

இதையெல்லாம் டிபார்ட்மென்ட்டில் புலம்பினப்போ, ஃபார்முலா பாரத் டீமில் இருக்கிற சீனியர் அண்ணன் சிரிச்சார். "பவர் வேணும்னா டிராக்குக்கு வாடா. அங்கே ஆர்.சி. கிடையாது." போட்டி கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும். அங்கேயும் கட்டுப்பாடு இருக்கு, இன்ஜின் 710 சி.சி.க்கு மேல போகக்கூடாது, பெட்ரோல் வண்டின்னா காற்று 20 மி.மீ. ஓட்டை வழியாத்தான் உள்ளே போகணும். அந்த டிராக்குக்குப் பேர் கொடுத்த கரிவர்தன், கோவைக்காரர், 1995-ல் விமான விபத்தில் இறந்தவர். அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதி ரேஸ் காரில் இருந்தது எந்த இன்ஜின் தெரியுமா? மாருதி 800! நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினது அந்த காரில்தான். ஒரே ஒரு சீட், எடை கம்மி. எங்க பாட்டி, புளிசாதப் பாத்திரம், கேரியர் எதுவும் இல்லை. நான் ஏற்காடு ரோட்டில் நின்னு திட்டின இன்ஜின்தான் அது.

ரோஷம் வந்து, வேறொரு மெக்கானிக்கிட்ட வண்டியை விட்டேன். கம்ப்ரெஷன் பார்த்தார். மூணு சிலிண்டரில் ஒண்ணு பாதி தூக்கத்தில் இருந்தது. கிளட்ச் பிளேட்டும் காலி. அதாவது, நான் குறை சொன்ன 37 குதிரையில் எத்தனை உயிரோட இருந்துச்சுன்னே தெரியலை! வால்வு கிரைண்டிங், புது ரிங், கிளட்ச் செட், எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். இன்ஜின் நம்பர் அதேதான், ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டியதில்லை. இன்ஜினீயரிங் படிக்கிற நான் இதை முதல்லேயே பார்த்திருக்கணும்னு தங்கச்சி இப்பவும் சொல்லிக் காட்டுறா.

போன மாசம் திரும்ப ஏற்காடு போனோம். அதே அஞ்சு பேர், அதே புளிசாதம். 14-வது வளைவு வந்ததும் அம்மா கதவுப் பிடியில் கை வெச்சுட்டாங்க, இறங்கத் தயாரா. நான் ஃபர்ஸ்ட் கியர் போட்டேன். வண்டி முனகிச்சு, திணறிச்சு, ஆனா நிற்கலை. 15-வது வளைவு தாண்டினப்புறம்தான் அம்மா கையை எடுத்தாங்க.

பாட்டி மட்டும் பின் சீட்டிலிருந்து, "புழுங்குதுடா கண்ணு, அந்த ஏ.சி.யைப் போடேன்" என்றாங்க.

போடலை.