லண்டன் நாட்கள் – 7: கோபுரத்துக்குள் ஒரு புகைபோக்கி

“அண்ணே, லண்டன்ல பார்க்க வேற இடமே கிடைக்கலையா?” என்றான், நான் தங்கியிருந்த வீட்டுத் தம்பி. போன வாரம் நான் எழுதிய, உளப்பகுப்பாய்வின் தந்தை ஃப்ராய்டின் வீட்டைப் பார்த்த பிறகு அவருடைய சாம்பல் இருக்கும் இடத்தையும் பார்த்துவிடத் தோன்றியது. ஹாம்ப்ஸ்டெட்டிலிருந்து நார்தர்ன் லைனில் அடுத்த ஸ்டேஷன் கோல்டர்ஸ் கிரீன். அங்கிருந்து ஹூப் லேனுக்கு நடந்தே போய்விடலாம். தெருவின் ஒரு பக்கம் யூதர்களின் இடுகாடு, எதிர்ப் பக்கம் சுடுகாடு.

சுடுகாடு என்கிறேனே தவிர, பார்த்தால் ஏதோ இத்தாலிய மடத்துக்குள் நுழைந்துவிட்டதாகவே தோன்றும். சிவப்புச் செங்கல், அரைவட்ட வளைவுகள், தோட்டத்தைப் பார்த்தபடி நீளும் தூண் தாழ்வாரம், அதன் சுவரெங்கும் பெயர்ப் பலகைகள். கட்டியவர் எர்னஸ்ட் ஜார்ஜ். கூட்டாளி ஆல்ஃபிரட் யேட்ஸ். சர்ச்சுக்குக் கோதிக் பாணி இருந்தது. பிணம் எரிக்கும் கட்டடத்துக்கு அந்த ஊரில் பழகிய உருவம் ஏது? வடஇத்தாலியின் லொம்பார்டி பாணியை எடுத்துக்கொண்டார். மணிக்கூண்டு மாதிரி நிமிர்ந்து நிற்கிறதே சதுரக் கோபுரம், அதற்குள்தான் புகைபோக்கியை ஒளித்துவைத்திருக்கிறார். கெட்டிக்காரர்.

ஒளிக்க வேண்டிய காலம்தான் அது. விக்டோரியா ராணியின் அறுவை மருத்துவர்களில் ஒருவரான ஹென்றி தாம்ப்சன், 1874இல் தகனச் சங்கம் தொடங்கினார். 1879இல் வோக்கிங் என்ற ஊரில் உலை கட்டி, முதலில் ஒரு குதிரையை எரித்துப் பார்த்தார்கள். ஊரார் கொதித்தார்கள், அரசு தடுத்தது. 1884இல் வேல்ஸில் வில்லியம் பிரைஸ் என்ற எண்பது வயது தாண்டிய மருத்துவர், இறந்த தன் கைக்குழந்தையை மலைமேல் எரிக்கப் போய்க் கைதானார். பிறருக்குத் தொல்லையில்லாமல் எரிப்பது குற்றமில்லை என்றது நீதிமன்றம். அடுத்த வருஷமே வோக்கிங் உலையில் முதல் மனித உடல் எரிந்தது. லண்டன்காரர்களுக்கு வோக்கிங் தூரம். அதனால் 1902இல் கோல்டர்ஸ் கிரீன் வந்தது. அப்போது இங்கே ரயில்கூட இல்லை, அது 1907இல்தான். திறந்துவைத்த தாம்ப்சன் 1904இல் இறந்தார். அவரையும் இங்கேதான் எரித்தார்கள்.

நம்மூரில் தீயை எல்லோரும் பார்க்கிறோம், சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகிறோம். இங்கே நேர்மாறு. தீயை யாரும் பார்ப்பதில்லை. பலருடைய சாம்பலை மாடம் மாடமாக அடுக்கிப் பத்திரப்படுத்துகிறார்கள். ஃப்ராய்டின் சாம்பல், அவர் சேகரிப்பிலிருந்த பழங்காலக் கிரேக்க ஜாடி ஒன்றில். 1951இல் மனைவி மார்த்தாவின் சாம்பலும் அதில் சேர்ந்தது. 2014 புத்தாண்டு இரவில் திருட வந்த யாரோ ஜாடியைச் சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். சாம்பலுக்கும் காவல் வேண்டியிருக்கிறது!

எனக்குப் பிடித்தது தோட்டம். வில்லியம் ராபின்சன் அமைத்தது. கல்லறைக் கற்களே இல்லாத அகன்ற புல்வெளி. சாம்பலை அதன்மேலேயே தூவிவிடுகிறார்கள். வசந்தத்தில் அந்தப் புல்லில் ஊதாவும் வெள்ளையுமாகக் குரோக்கஸ் பூக்கும். சாம்பலைக் கரைக்கும் நம்மவர்களின் மனதுக்கு நெருக்கமான ஏற்பாடு இதுதான்.

உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அடுத்த வாரம் ஹைகேட்டில் கார்ல் மார்க்ஸின் கல்லறை. அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும்.