பெரியப்பா தொங்கவிட்ட விளக்கு

புதுச்சேரி நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டிய கிழக்குப் புறம் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. அதன் தென்புறத்தில் காஜியார் வீதி, முல்லா வீதி என நம்மவர் தெருக்கள் அமைந்துள்ளன. மஃரிபு தொழுகைக்குப் பின் அவ்வீதிகளில் நடந்து செல்வது தனிச் சுகம். கீழே தமிழ்நாட்டுத் திண்ணை. மேலே பிரெஞ்சுப் பாணி மாடம். திறந்த கதவு வழியே கூடத்து விளக்கொளி தெருவில் வந்து விழும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் பலர் சைகோனுக்குக் கப்பலேறினர். அங்கே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கொடி மாறியது, சில வீடுகளின் கூடத்தில் தொங்கிய பித்தளை விளக்கும் பால்நிறக் கண்ணாடிக் குடையும் மாறவில்லை.

அத்தகைய வீடு ஒன்றில் எங்கள் பெரியம்மா வாழ்கிறார்கள். சென்ற முறை போயிருந்தபோது அவர்கள் முகம் வாடியிருந்தது.

“உன் பெரியப்பா தொங்கவிட்ட விளக்கும்மா இது. இப்போது ஆஸ்பத்திரி வெளிச்சம் மாதிரி இருக்கிறது. பழைய சாமான் வியாபாரியிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள்” என்றார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். விளக்கில் குறையில்லை. குறை, அதனுள் மாட்டியிருந்த வெள்ளை நிற எல்.இ.டி. பல்பில் இருந்தது!

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய மஞ்சள் மிகும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளைப் பல்பு 6500 கெல்வின். நாம் பழகிய குண்டு பல்போ ஏறத்தாழ 2700. எடிசன் 1879இல் எரியவைத்த கரி இழைப் பல்பு அதனினும் மஞ்சளானது, ஏறத்தாழ 2000தான். 1910க்குப் பின்னரே டங்ஸ்டன் இழை பரவியது. ஆகவே விளக்கின் வயதை அறிந்து பல்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் விளக்காக இருந்து மின்சாரத்துக்கு மாறியதற்கு 2200 கெல்வின் பொருந்தும். 1930களைச் சேர்ந்த மின்விளக்குக்கு 2700 போதும். இழை போன்றே தோற்றமளிக்கும் எல்.இ.டி. பல்புகள் இவ்விரு நிறங்களிலும் கிடைக்கின்றன. தெளிந்த கண்ணாடிக் குடைக்கு இழை தெரியும் பல்பு அழகு. பால்நிறக் குடைக்குள் எந்த வடிவம் இருந்தாலும் வெளியே தெரியாது.

பிரான்சிலும் நம் நாட்டைப் போலவே இரண்டு முள் கொண்ட பல்பு வழங்கி வந்தது. எனவே பழைய பிரெஞ்சு ஹோல்டர்கள் பலவற்றில் நம் பல்பே பொருந்திவிடும். ஆனால் வெளிநாட்டிலிருந்து விளக்கோடு வந்த பழைய பல்பில் 110 வோல்ட் என்றிருந்தால், நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அதை எரியவிடலாகாது.

அழகைவிட முக்கியமானது பாதுகாப்பு. துணி சுற்றிய பழைய வயரின் உள்ளே ரப்பர் நொறுங்கியிருக்கும். விளக்கைக் கழற்றி, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு வயரையும் ஹோல்டரையும் மாற்றுங்கள். பித்தளை உடலுக்கு எர்த் இணைப்பும் கொடுக்கச் சொல்லுங்கள். உறங்குமுன் விளக்கை அணைத்துவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது தீயின் ஆபத்தை எண்ணியே அல்லவா?

வீண் விரயமும் நமக்கு ஆகாது. 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் செலவாகும். அதே வெளிச்சம் தரும் 6 வாட் எல்.இ.டி.க்கு ஒரு யூனிட்டும் ஆகாது. பழமையைக் காப்பது ஆடம்பரம் என்போருக்கு இக்கணக்கே பதில்.

மறுநாளே பெரியம்மா வீட்டு விளக்குக்குப் புது வயர் போட்டு, 2700 கெல்வின் பல்பை மாட்டினோம். மாலையில் சுவிட்சைத் தட்டியதும் கூடம் முழுவதும் இளமஞ்சள் ஒளி பரவியது. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை; முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள்.

வியாபாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு விளக்கு இருக்கலாம், சகோதரிகளே! விற்பதற்கு முன், பல்பை மாற்றிப் பாருங்கள்.