உறுமலும் வலிமையும்

2014-ஆம் ஆண்டு செப்பாங் தடத்தில் ஃபார்முலா 1 மகிழுந்துகள் ஓடியபோது இரசிகர்கள் பலர் முகம் சுளித்தனர். முந்தைய ஆண்டு வரை செவியைத் துளைத்த உறுமல் அடங்கியிருந்தது. எட்டு சிலிண்டர் கொண்ட 2.4 லிட்டர் இயந்திரத்திற்குப் பதிலாக, ஆறு சிலிண்டர் கொண்ட 1.6 லிட்டர் இயந்திரம் வந்திருந்தது. கூடவே டர்போவும் மின்மோட்டாரும். வலிமை குறைந்ததா? இல்லை. மின்மோட்டார் மட்டுமே ஏறத்தாழ 160 குதிரைத்திறனைச் சேர்த்தது. வெளியேறும் புகையின் வேகத்தை டர்போவின் சக்கரம் வாங்கிக்கொள்வதால் ஒலிதான் தணிந்தது.

இதை என் அண்டை வீட்டு இளைஞரிடம் சொன்னேன். அவர் சேமித்த பணத்தில் தம் 1.5 லிட்டர் மகிழுந்துக்கு வேறு புகைபோக்கி பொருத்தியிருந்தார்.

"வலிமை கூடியிருக்கிறது, அக்கா. சத்தத்தைக் கேட்டாலே தெரியும்," என்றார்.

தடை குறைந்தால் புகை எளிதாக வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால், சாதாரண இயந்திரத்தில் அதனால் கிடைக்கும் கூடுதல் வலிமை மிகச் சிறிது. அதுவும் இயந்திரம் உச்ச வேகத்தில் சுழலும்போதுதான். எங்கள் அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடத்தில் அதற்கு ஏது வாய்ப்பு?

ஒலி எதையுமே சொல்லாது என்று நான் வாதிடவில்லை. தேர்ந்த பட்டறைக்காரர் அதைக் கேட்டே, ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். குதிரைத்திறனை மட்டும் அவராலும் காதால் அளக்க முடியாது.

மேல்மாடியில் குடியிருக்கும் தாதியைப் பற்றியும் சொன்னேன். இரவுப் பணி முடித்து அவர் கண்ணயரும் காலை எட்டு மணிக்குத்தான் இந்த மகிழுந்து புறப்படுகிறது. இளைஞர் அதை அறிந்திருக்கவில்லை.

"எந்த மாடி, அக்கா?" என்று கேட்டார்.