குட்டி இரண்டு

போன வாரம் பேரன் வேதியியல் நோட்டைக் கொண்டுவந்தான். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகிற சமன்பாடு. இடப்பக்கம் ஆக்ஸிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. சரிக்கட்ட, தண்ணீர்க் குறியீட்டில் ஆக்ஸிஜனுக்குக் கீழே ஒரு குட்டி 2 போட்டிருந்தான். நான் அதட்டிவிட்டேன். பையன் முகம் சுண்டிவிட்டது.

அதே தப்பை நானும் செய்தவன்தான். 1967, புதுச்சேரி, பிரெஞ்சு மீடியம். நைட்ரஜனை நாங்கள் 'அசோத்' என்போம். அடுத்த தெருத் தமிழ்ப் பள்ளிப் பையனோடு பேசினால் இருவருக்கும் புரியாது. முசியே என் விடையைப் பார்த்து, "தண்ணீரை ஓ ஒக்ஸிழெனே ஆக்கிவிட்டாயே, குடிக்கிறாயா?" என்றார். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு! கீழே உள்ள எண் பொருளுக்குச் சொந்தம், தொடாதே. முன்னால் போடும் எண்தான் உன் கையில் என்றார். தண்ணீருக்கு முன்னால் 2, ஹைட்ரஜனுக்கு முன்னால் 2. முடிந்தது.

அடுத்து இரும்புத் துரு. ஆக்ஸிஜன் இந்தப் பக்கம் இரண்டிரண்டாக, அந்தப் பக்கம் மும்மூன்றாக. இரண்டுக்கும் பொதுவாக 6 கொண்டுவந்தால் ஆக்ஸிஜன் 3, துரு 2, இரும்பு 4. அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இருபது சமன்பாடு போட்டேன். எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்று நிறுத்துக் காட்டிய லவுவாசியேவும் வரி வசூலில் இருந்தவர்தான். அதனாலேயே 1794-ல் தலை போனது.

பிறகு நான் குமாஸ்தா ஆனேன். ஒரு வருஷக் கடைசியில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் காகிதம் இரண்டு ரீம் இடித்தது. மேலே இருந்தவர், "வழங்கின பக்கத்தில் 3-ஐ 5 ஆக்குமய்யா" என்றார். ஆக்கினேன். கணக்கு நேரானது.

மறுவருஷம் ஆடிட்டில் வேறு பிரிவுப் பியூனைக் கேட்டார்கள். "மூணுதான் சார் வாங்கினேன்" என்றார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தப் பணத்தை அவரிடம் கொடுக்க இரண்டு முறை அவர் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். இப்போது அவர் இல்லை.

பேரன் கேட்டான், "ஒரு குட்டி 2-க்கு எதுக்குத் தாத்தா இவ்வளவு கோபம்?"

ரப்பரை எடுத்துவரச் சொன்னேன்.